ஆடியோ 1, ஆடியோ 2, ஆடியோ 3

பாட்டுப் பதிவு வேலையில் இருக்கிற தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ரெக்கார்டு பொத்தானைத் தட்டும் முன் அந்த டிராக்குக்கு ஒரு பெயர் எழுதுங்கள். பம்பை அடிக்கப்போகிறார்கள் என்றால் பம்பை என்று எழுதுங்கள், ஆர்மோனியம் என்றால் ஆர்மோனியம். பாடுகிறவர் யாரென்று தெரிந்தால் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தருமபுரியிலிருந்து வருகிறது, பென்னாகரத்திலிருந்து வருகிறது, ஓசூரிலிருந்து வருகிறது. திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஆடியோ 1, ஆடியோ 2, ஆடியோ 3.

நல்லம்பள்ளியில் ஒரு சின்ன அறையை வைத்துக்கொண்டு பதிவும் மிக்ஸிங்கும் செய்து பிழைக்கிறேன். திருவிழாக் காலத்தில் அம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, மற்ற நாளில் கடை விளம்பரம், காதுகுத்து, கல்யாணம். அறையிலேயே பதிவாவது பாதி. வேறு எங்கோ பதிந்து, "மிக்ஸ் மட்டும் பண்ணிக் குடுங்கண்ணா" என்று பென்டிரைவில் வருவது மீதிப் பாதி. என் ஆதங்கமெல்லாம் இந்த மீதிப் பாதியில்தான்.

அப்படி வந்த ஒரு அம்மன் பாட்டைச் சொல்கிறேன். ஃபோல்டரின் பெயர் நியூ ஃபோல்டர். அதற்குள் நியூ ஃபோல்டர் 2. அதற்குள் கொத்தாக வேவ் கோப்புகள்: ஆடியோ 1_03, ஆடியோ 1_07, ஆடியோ 4_02 என்று போகிறது. ஒன்றில் உடுக்கை. ஒன்றில் யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். ஒன்றில் நாலு நிமிடமும் மின்விசிறிச் சத்தம். கோரஸ் பாடிய பெண்கள் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். அதில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு குறிப்பும் கிடையாது. போன் போட்டுக் கேட்டால், "நல்லா இருக்கறதப் போட்டுக்குங்கண்ணா" என்கிறார் பதிந்தவர். எது நல்லா இருக்கிறது என்று தெரிய எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டாக வேண்டும். ஒரு பெண் ஒரு முறை அடி தவறியிருக்கிறார், அடுத்த முறை அதே அடியை அவ்வளவு அழகாகப் பாடியிருக்கிறார். பாடிய அந்த நிமிடமே பக்கத்தில் இருந்தவர் "இது சரி" என்று கோப்பின் பெயரில் போட்டிருந்தால் முடிந்தது. மிக்ஸிங் என்று சொல்லித்தான் காசு வாங்குகிறேன். எது எது என்று தேடுவதிலேயே பகல் போய்விடுகிறது. ராத்திரி பத்து மணிக்குமேல்தான் மிக்ஸிங்குக்கே உட்கார முடிகிறது.

"பேர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அங்கேதான் விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள். புரோ டூல்ஸ் ஆகட்டும், கியூபேஸ் ஆகட்டும், ரீப்பர் ஆகட்டும், பதிவு தொடங்குகிற நொடியில் டிராக்குக்கு என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் கோப்பும் எடுத்துக்கொள்ளும். பெயர் இல்லையென்றால் மென்பொருள் தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். பிறகு டிராக்கின் பெயரை மாற்றினால் திரையில் மட்டும்தான் மாறும். வட்டில் கிடக்கிற பழைய கோப்பு பழைய பெயரிலேயே கிடக்கும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து அங்கேயே கோப்பின் பெயரை மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் புராஜெக்டைத் திறந்தால் கோப்பைக் காணோம் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மாற்றத்தான் வேண்டுமென்றால் மென்பொருளுக்கு உள்ளிருந்தே மாற்ற வேண்டும். அதற்கென்று கியூபேஸில் பூல் இருக்கிறது, புரோ டூல்ஸில் கிளிப் பட்டியல் இருக்கிறது. இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. ஈக்யூ எப்படி வைப்பது, குரலைப் பளபளப்பாக்குவது எப்படி என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். ஃபோல்டர் போடச் சொல்லித் தருகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதைவிட வயிற்றெரிச்சல் தருவது புராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்புவது. அந்தக் கோப்புக்குள் பாட்டு இல்லை என்பதைப் புரியவைக்க நான் படாத பாடில்லை. எந்தச் சத்தம் எந்த வட்டில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வேண்டும், எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்கிற விவரம் மட்டும்தான் அதில் இருக்கும். மளிகைச் சீட்டை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு அரிசி பருப்பு ஏன் வரவில்லை என்று கேட்கிற கதைதான் இது. ரீப்பரின் புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்தால் யாருமே படித்துப் பார்த்துக்கொள்ளலாம், வெறும் எழுத்துதான். பத்து டிராக் பாட்டே சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். "பத்து டிராக் பாட்டுங்க, இவ்வளவு சின்னதா இருக்குதே" என்று அனுப்புகிறவருக்கு ஒரு சந்தேகம்கூட வராதா?

ஆடாசிட்டி இலவசம் என்பதால் ஊர்ப்பக்கம் அதுதான் அதிகம். 2021இல் 3.0 பதிப்பு வரும்வரை அதன் அமைப்பே வேறு. ஒரு சின்ன ஏயுபி கோப்பு, பக்கத்தில் அதே பெயரில் டேட்டா என்று ஒரு ஃபோல்டர். சத்தம் முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் சில விநாடிக்கு ஒரு துண்டாக வெட்டப்பட்டு, மனிதர் படிக்க முடியாத பெயர்களில் கிடக்கும். ஒரு மணி நேரப் பதிவென்றால் நூற்றுக்கணக்கான துண்டுகள். அந்த ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து அழித்தவர்கள் எத்தனை பேர்! ஏயுபியை மட்டும் பத்திரமாக சிடியில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! 3.0இல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் பதிந்ததெல்லாம்? பாளையம்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அப்படியொரு சிடியைக் கொண்டுவந்தார். அவர் சம்சாரம் பாடிய தாலாட்டு அதில் இருக்கிறதாம். சிடியில் இருந்தது ஏயுபி மட்டும். "தேடிப் பாருங்க தம்பி, நிதானமாத் தேடிப் பாருங்க, பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்" என்றார். தேட அதில் எதுவுமே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மென்பொருளிலும் சிதறிக் கிடக்கிற சத்தங்களையெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் திரட்டிக் கொடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. புரோ டூல்ஸில் சேவ் காப்பி இன், கியூபேஸில் பேக்கப் புராஜெக்ட், ஏபிள்டன் லைவில் கலெக்ட் ஆல் அண்ட் சேவ், எஃப்எல் ஸ்டுடியோவில் ஜிப் கட்டிக் கொடுக்கிற வசதி. ரீப்பரில் சேவ் ஆஸ் போடும்போதே எல்லாக் கோப்பையும் புராஜெக்ட் ஃபோல்டருக்கு நகல் எடு என்று ஒரு டிக் பெட்டி கீழே இருக்கிறது. அந்த டிக்கைப் போட்டுவிட்டு அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறேன். போடுவதில்லை. பெங்களூரு பஸ்ஸில் யார் கையிலோ பென்டிரைவ் வருகிறது, இங்கே திறந்தால் பாதி டிராக் ஊமை. கேட்டால், "எங்க சிஸ்டத்துல ஓடுதேண்ணா." அங்கே ஓடத்தான் செய்யும். சத்தமெல்லாம் அங்கேயே டி டிரைவில் உட்கார்ந்திருக்கிறதே.

டிராக்குகளைத் தனித்தனியாக வேவ் எடுத்து அனுப்புகிற நல்லவர்களும் உண்டு. அவர்களும் ஒவ்வொரு டிராக்கையும் அது தொடங்குகிற இடத்திலிருந்து வெட்டி அனுப்புகிறார்கள். புல்லாங்குழல் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிறதா, பல்லவிக்குப் பின்னாலா? யாருக்குத் தெரியும். எல்லா டிராக்கையும் பாட்டின் பூஜ்யத்திலிருந்தே எடுத்தால் நான் வரிசையாகப் போட்டவுடன் தானே பொருந்திவிடும். இன்னொன்று, சாம்பிள் ரேட். பாடகரின் குரல் 44.1 கிலோஹெர்ட்ஸில், மேளம் 48இல். மென்பொருள் மாற்றிக்கொள்ளாமல் அப்படியே ஏற்றிவிட்டால் குரல் சுமார் நூற்றுக்கு ஒன்பது வேகம் கூடி, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிப்போகும். பாடியவரே கேட்டால் தன் குரல் இல்லை என்பார். ஃபோல்டர் பெயரில் 48 என்று இரண்டு இலக்கம் போட்டிருந்தால் இந்தக் கேடு இல்லை.

வாட்ஸப் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பாடகர் நேரில் வருவார். இப்போது போனில் பாடி அனுப்புகிறார்கள். வாட்ஸப் அதைச் சுருக்கிப் பிழிந்து, பிடிடி என்றும் ஏயுடி என்றும் தொடங்கி, தேதியும் டபிள்யுஏ 0003 என்கிற மாதிரி ஒரு எண்ணும் போட்டுப் பெயர் வைக்கிறது. அந்தத் தேதியும் பாடிய தேதியாக இருக்க வேண்டியதில்லை; நாலு குழுவுக்கு ஃபார்வேர்டு ஆகி வந்திருந்தால் கைக்கு வந்த தேதி. அதையே பாட்டின் மூலமாக வைத்துக்கொண்டு, போன் மெமரி நிறைந்ததும் அழித்தும்விடுகிறார்கள். இலளிகத்தில் ஒப்பாரி பாடுகிற ஒரு பாட்டியின் குரலை எனக்கு அப்படித்தான் ஒருவர் அனுப்பினார். மூலத்தைக் கேட்டேன், "அது போன் மாத்தும்போது போயிருச்சுங்க" என்றார். பாட்டியும் இப்போது இல்லை.

சரி, இத்தனை புலம்பலும் என் வேலைச் சுமைக்காகத்தானா என்றால், வேலையாவது சகித்துக்கொள்ளலாம். எனக்குத் தாங்காதது கூத்துப் பதிவுகள்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் இரவெல்லாம் கூத்து நடக்கும். கர்ண மோட்சம், அபிமன்யு சண்டை, துகிலுரிதல் என்று ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய. அதைப் பதிவு செய்ய இப்போது ஆட்கள் வருகிறார்கள், நல்ல கருவிகளோடு வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்குக்கு ஒரு நிமிடத்துக்கு எட்டரை எம்பிக்கு மேல் ஆகும். மணிக்கு 500 எம்பியைத் தாண்டும். எட்டு மைக் வைத்து எட்டு மணி நேரம் எடுத்தால் 33 ஜிபி. ஒரு வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பதால் கருவி தானாகவே வெட்டி வெட்டி அடுத்த கோப்புக்குப் போகும்; சில கருவிகள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். கர்ணன் பாட்டின் நடு அடியில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும். எல்லாவற்றுக்கும் பெயர் ஜூம் 0001, ஜூம் 0002. அடுத்த ஊரில் புதிய மெமரி கார்டு போட்டால் மறுபடியும் ஜூம் 0001. இரண்டையும் ஒரே வட்டில் கொட்டும்போது "ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதட்டுமா" என்று கணினி கேட்கும். அவசரத்தில் எஸ் போட்டால் ஒரு ஊரின் ராத்திரியே போயிற்று. கருவியில் பேட்டரி இறங்கிக் கடிகாரம் பழைய இடத்துக்குப் போயிருந்தால் தேதியை வைத்தும் பிரிக்க முடியாது.

அப்படி ஒரு வட்டு என்னிடம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து சில வருடங்கள் சுற்றி எடுத்த ஒருவர், வேலை மாறிப்போகும்போது, "வெச்சுக்கங்க, உபயோகப்படும்" என்று கொடுத்துவிட்டுப் போனது. நாகர்கூடல் பக்கம் எடுத்தது எது, சிவாடிப் பக்கம் எடுத்தது எது, எந்தச் செட்டு, எந்த வருடம், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கர்ண மோட்சமே அதில் பல ராத்திரி இருக்கிறது.

கர்ணன் கட்டுவதில் பேர்போன ஒரு வாத்தியார் இறந்துவிட்டார். அவர் மகள் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, அப்பா கர்ணன் கட்டின ராத்திரி மைக் வெச்சு எடுத்தாங்களாம். அது உங்ககிட்ட இருக்குதுன்னாங்க. அவரு பாடறது மட்டும் கொஞ்சம் வேணும்." உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். கூத்தில் ஒரு வழக்கம் உண்டு: திரைக்குப் பின்னால் நின்று பாடி, வெளியே வந்ததும் கட்டியங்காரன் கேட்க, வேஷக்காரர் தான் யார், எந்த நாட்டு ராஜா என்றெல்லாம் சொல்வார். பதிவில் அது அட்சர சுத்தமாக இருக்கிறது. தான் கர்ணன் என்று சொல்கிறது குரல். கர்ணன் கட்டியவர் யார் என்று அதில் எங்கேயும் இல்லை. மகளும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். "பேசற குரல்னா தூக்கத்துல கேட்டாலும் சொல்லிருவேங்கண்ணா. இது தொண்டையத் தூக்கிப் பாடற குரலு. நான் சின்னதுல பார்த்ததோட சரி, அப்புறம் கட்டிக் குடுத்துட்டாங்க. இதுவா இருக்குமா, அதுவா இருக்குமா, தெரியலையே" என்றார். இரண்டு பதிவுகளை நகல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டில் ஒன்று அப்பாவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனார். ஒரு மகளுக்கு இப்படியா கொடுப்பது? அந்த ராத்திரி மைக் வைத்தவர் பதிவைத் தொடங்கியதும் மைக்கில் குனிந்து ஊர், கூத்து, தேதி, இன்று கர்ணன் இன்னார், ஆர்மோனியம் இன்னார் என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால்?

பேசினார்கள், ஒரு காலத்தில். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜானே தன் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். பெருமைக்குச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். இங்கே பதிந்த மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவருக்குப் போக வேண்டும். அங்கே தட்டு அச்சடிக்கிறவனுக்கு நம் மொழியும் தெரியாது, முகமும் தெரியாது. குரலே தன் பெயரைச் சொன்னால்தான் லேபிள் சரியாக ஒட்டுவான். அந்தக் காலத் தட்டுகள் பலவற்றில் இந்த அறிவிப்பைக் கேட்கலாம். நமக்குப் பக்கத்துச் சேலத்திலிருந்து சேலம் கோதாவரி, தமிழ்நாட்டில் கிராமபோனுக்குப் பாடிய முதல் தலைமுறையில் ஒருவர். நூறு வருடம் தாண்டியும் இது சேலம் கோதாவரி என்று நாம் சொல்ல முடிகிறதென்றால், தட்டின் மேலே யாரோ பொறுப்பாகப் பெயர் எழுதியதால்தான். சின்ன ஒரு தட்டு, சில நிமிடப் பாட்டு. அதற்கு அவ்வளவு அக்கறை. 33 ஜிபி ராத்திரிக்கு ஒரு வரி கிடையாது.

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம், கேசட் காலம் எப்படி இருந்தது? டப்பாவுக்குள் ஒரு அட்டை. அதில் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்துப் பாட்டும் பெயரும் எழுதாமல் யாரும் கேசட்டை மூடியதில்லை. மேல்விளிம்பில் இருந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதுவும் பதிய முடியாது. எட்டாவது படித்த பையனுக்கும் அது தெரிந்திருந்தது. இன்றைக்கும் தருமபுரிப் பக்கம் வீடுகளில் கிடக்கிற கேசட்டுகளை எடுத்தால் பால்பாயின்ட் பேனா எழுத்து மங்கலாகவாவது இருக்கிறது. மெமரி கார்டில் எழுத இடம் இல்லை என்கிறார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இலேயே வேவ் கோப்புக்குள்ளேயே குறிப்பும் தேதியும் நேரமும் பதிந்தவர் பெயரும் எழுத இடம்விட்டு பிராட்காஸ்ட் வேவ் என்று ஒரு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது. பல கருவிகள் அந்த வடிவத்தில்தான் பதிகின்றன. உள்ளே இடம் காலியாகக் கிடக்கிறது.

அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் 1982இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் இப்போது குருகிராமில் இருக்கிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவில் பதிந்துகொண்டு போனவற்றின் நகல்களை இங்கே திருப்பிக் கொண்டுவந்து வைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இப்படிப்பட்ட காப்பகங்களுக்குச் சத்தம் மட்டும் போதாது. யார், எங்கே, எப்போது என்கிற குறிப்பும் கூட வர வேண்டும். என்னிடம் இருக்கிற வட்டை அப்படியோர் இடத்தில் எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? நம் பக்கத்திலேயே ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் மணல்வீடு இதழும் களரி தெருக்கூத்துப் பயிற்சிப் பட்டறையும் நடத்திக் கூத்துக் கலைஞர்களைப் பெயர் சொல்லி எழுதி, பேசவைத்து வருகிறார். ஒருவர் அந்தப் பாடுபடுகிறார் என்றால், மைக் வைக்கிற நாம் பெயராவது எழுத வேண்டாமா?

பெயர் போவது ஒரு பக்கம், பதிவே போய்விடுவது இன்னொரு பக்கம். 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம் தீப்பிடித்ததில் மூல ஒலிநாடாக்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தது. அதன் தீவிரம் 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எது போயிற்று, எது தப்பியது என்று பிறகும் வழக்கும் வாதமுமாக இழுத்தது. அங்கே தீப்பிடித்து அழிந்தது. நம் ஊரில் தீ வேண்டியதில்லை. இடம் போதவில்லை என்று ஒரு தம்பி ரீப்பரில் கிளீன் டைரக்டரி கட்டளையை ஓட்டினான். திறந்திருக்கிற புராஜெக்டில் இல்லாத கோப்பையெல்லாம் வேண்டாதது என்று எடுத்துப் பட்டியல் போடும் அது. ஆனால் அவன் நாலு பாட்டின் புராஜெக்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தான். ஒரு பாட்டைச் சுத்தம் செய்யப்போய் மூன்று பாட்டின் குரல்கள் போயின. கோயில் குடமுழுக்குக்காக ஊரே காசு போட்டு எடுத்த பாட்டுகள். ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர் என்று ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் அந்தக் கட்டளையால் ஒரு தீங்கும் வந்திருக்காது.

ஒழுங்கு பார்த்தால் கற்பனை ஓடாது என்று என்னிடம் வாதம் செய்தவர்களும் உண்டு. ஏ.ஆர். ரகுமான் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் பலவிதமாகப் பாடவும் வாசிக்கவும் விட்டுப் பதிந்துகொண்டு, பிறகு அதிலிருந்து எடுத்துக் கோப்பார் என்று அவரோடு வேலை பார்த்த பலரும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாள் பாடிய எந்தத் துணுக்கு எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்க முடியாத இடத்தில் அந்த மாதிரி ஒரு முறை நடக்குமா? நினைத்த நேரத்தில் நினைத்த குரல் கைக்கு வந்தால்தானே கற்பனையே ஓடும்.

நான் என் அறையில் செய்வது பெரிய வித்தை இல்லை. வேலைக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள், அப்போதுதான் கணினி வரிசை மாறாமல் அடுக்கும். எண் போட்டால் 1 என்று போடாமல் 01. இல்லாவிட்டால் பல இடங்களில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். பதிந்தபடியே உள்ள கோப்புகள் ஒரு தனி ஃபோல்டரில், அதை யாரும் தொடக் கூடாது. கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு: பாடியவர், வாசித்தவர், சுருதி எத்தனை கட்டை, தாளம், எந்த முறை பாடியதை எடுத்துக்கொண்டோம். கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க ஆசைதான். ஆனால் ஜிப் கட்டி அனுப்பும்போது சில கணினிகளில் எழுத்தெல்லாம் கட்டமும் கேள்விக்குறியுமாகிவிடுகிறது என்பதால் தமிழை உள்ளே இருக்கிற எழுத்துக் கோப்பில் வைக்கிறேன். நகல் இன்னொரு வட்டில், அந்த வட்டு இன்னொரு வீட்டில். வேலைக்கு உட்கார்ந்த அன்றே செய்தால் கால் மணி நேரம். பத்து வருடம் கழித்துச் செய்யப்போனால் செய்யவே முடியாது, தெரிந்த ஆள் இருக்க மாட்டார்.

இதற்குக் காசு கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள். மிக்ஸிங்குக்குப் பேரம் பேசியாவது கொடுக்கிறார்கள். அட்டைப்படத்துக்குக் கொடுக்கிறார்கள், யூடியூபில் ஏற்றிவிடுகிறவருக்குக் கொடுக்கிறார்கள். அடுக்கி, பெயர் எழுதி, நகல் எடுத்து வைப்பதற்கு என்று ஒரு வரி பில்லில் போட்டால், "இதுக்கெல்லாமாண்ணா" என்கிறார்கள். அடுத்த வருடம் அதே பாட்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பாட வேண்டும் என்று வந்து நிற்பவர்களும் அவர்களேதான். அப்போது மூல டிராக் உடனே வேண்டும், அன்றைக்கே வேண்டும்.

அந்தக் கூத்து வட்டைக் கேட்டுப் பிரிக்க ஒருவரால் முடியும். பல செட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசித்த பெரியவர், தொப்பூர்ப் பக்கம் இருக்கிறார். இரண்டு அடி கேட்டால் யார் குரல், எந்த ஊர்க் களம், அன்றைக்கு மத்தளம் யார் என்று சொல்லிவிடுவார். சொல்லவும் சொன்னார், வாத்தியார் மகள் கொண்டுபோன இரண்டும் அவர் அப்பா இல்லை, அது வேறு ராத்திரி, வேறு கோப்பு என்று. ஐப்பசி மழையில் கூத்து இல்லாத நாட்களில் வந்து உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கண் சரியில்லை, பஸ் ஏற்றிவிட ஒரு பையன் கூட வர வேண்டும். வருகிற நாளுக்கெல்லாம் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கலைஞரைச் சும்மா உட்காரவைப்பது நியாயம் இல்லை. கூத்து வைத்த ஊர்களில் இரண்டு விழாக் குழுவிடம் போய்க் கேட்டேன். "ரெக்கார்டிங்கு அப்பவே முடிஞ்சு போச்சுங்களே, இப்ப என்ன செலவு?" என்றார் ஒருவர். இன்னொருவர் நோட்டை எடுத்து, அந்த வருடம் மைக்செட்டுக்கும் சீரியல் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் ஆன கணக்கைக் காட்டினார். கூத்துச் செட்டுக்குக் கொடுத்த தொகையும் அதில் இருந்தது. ஆடியவர்கள் பெயர் அந்த நோட்டிலும் இல்லை.